எதிர்ச்சுற்று

ஏரியைச் சுற்றி நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
விவாகரத்தில் வீடு விற்றுப் பங்கானது.
நாய் அவனுக்கு, கார் எனக்கு.
ஏரியை மட்டும் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.
வக்கீல் இல்லாமலே தீர்ந்தது அந்த வழக்கு:
ஞாயிறு எட்டு மணி, வால்ப்ரென் தேவாலயத்தில் மணி அடித்ததும்
சதுக்கத்தின் ஒரு மூலையிலிருந்து ரெஜிஸ் இடப்பக்கம் போவான்,
மறு மூலையிலிருந்து நான் வலப்பக்கம்.

வாரநாளில் இதே சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
பேருந்துக்கு மேடு தெரியாது.
மரமறுக்கும் ஆலையைத் தாண்டிய எட்டு சதவீத ஏற்றமும்
அதன்பின் சமதளம்போல் நடிக்கும் இரண்டு கிலோமீட்டரும்
தொடைக்குத்தான் தெரியும்.

முதல் வருடம் எதிர்ப்பட்டது பதினெட்டாவது கிலோமீட்டரில்,
கூடார முகாமின் வாசலில்,
டச்சுக்காரர்கள் ஈரத்துண்டு காயப்போடும் கயிற்றுக்கு எதிரே.
ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு விரல் உயர்த்தினான்.
முன்பின் தெரியாத சைக்கிள்காரனுக்கும் அதுதான் மரியாதை.
நானும் இரண்டு.
அதற்குமேல் ஒரு விரலும் இல்லை.

பாதிவழி இருபத்தொன்றில் இருக்கிறது.
அவன் வேகக்காரன், என் பாதிக்குள் வந்துதான் என்னைச் சந்திப்பான்,
சாப்பாட்டு மேசையில்
கேட்காமல் என் தட்டிலிருந்து எடுப்பதுபோல.

ஐந்தாம் வருடம் பத்தொன்பது. பிறகு இருபது.
ஏழாம் வருடம் சரிபாதியில், சிற்றாலய வளைவில்,
மூடுபனிக்குள் மோதிக்கொள்ளத் தெரிந்தோம்.
ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு
முதுகுப் பையிலிருந்த அத்திப்பழம் முழுவதையும் தின்றேன்.

பிறகு இருபத்திமூன்று.
பழுப்பு மாடுகள் வேலியில் கழுத்தைச் சொறிந்துகொள்ளும் இடம்.
அவன் மேல்சட்டை காற்றில் தொளதொளத்தது.
பேக்கரியில் யாரும் வாய்திறக்கவில்லை.
மூன்றே தெருவுள்ள ஊரில்
ஒரு செய்தியை மறைக்க எல்லோரும் சேரவேண்டும்,
சேர்ந்திருந்தார்கள்.
எனக்குக் கிலோமீட்டர் சொல்லிவிட்டது.

போன அக்டோபர், இருபத்தைந்து. அணையின் மேல்.
மின்சாரத்துக்காக நீரைத் திறந்துவிட்டிருந்தார்கள்.
கரையோரச் சேற்றில்
என்றோ மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகள்
தலைநீட்டிக்கொண்டிருந்தன.
ஒரு விரல்தான் எழுந்தது அவனுக்கு.

நவம்பரிலிருந்து மார்ச்வரை
நாற்பத்திரண்டையும் தனியாகச் சுற்றினேன்.
முழு ஏரியும் எனக்கே.
கேட்ட காலத்தில் கொடுத்திருக்கலாம்.

ஏப்ரல், இரண்டாம் ஞாயிறு.
ஏற்றத்தில் விட்ட மூச்சு இன்னும் திரும்பவில்லை.
மீட்டரில் பதினேழு.
(தூரம் மட்டும் காட்டும்; வேகம் காட்டும் பாகம்
என்றைக்கோ செத்துவிட்டது.)
எதிரே வண்டு இரைவதுபோல ஒரு சத்தம்.
ரெஜிஸ்.
சோபாவில் சாய்ந்தவன்போல் நிமிர்ந்து உட்கார்ந்து,
கால்களுக்கு நடுவே கறுப்பாய் ஒரு பேட்டரி.
பன்னிரண்டு வருடம் பேசாத வாய்
"திருடா!" என்று கத்தியது.
தண்ணீர் அதை எதிர்க்கரைவரை கொண்டுபோய்த்
திருப்பிக் கொடுத்தது.
அவன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டே போனான்.

சிரிப்பு அடங்க மாட்டுவேலிவரை ஆயிற்று.
அப்புறம் கணக்குப் போட்டேன்.
மோட்டார் மணிக்கு இருபத்தைந்துக்கு மேல் தள்ளாது, சட்டம் அப்படி.
அவன் இருபத்தைந்து என்றால்
நான் வெறும் பதினேழு.
முதல் வருடம் இருபது இருந்தேன்.
இத்தனை காலமும் அவனை அளப்பதாக நினைத்திருக்கிறேன்.
சந்திக்கும் இடம்
இரண்டு பேரையும் சேர்த்தல்லவா அளக்கிறது.
ஒரு கியர் இறக்கினேன், யாரும் பார்க்கவில்லை.

சதுக்கத்துக்கு வந்தபோது
கஃபே சுவரில் அவன் சைக்கிள் சாய்ந்திருந்தது,
ஜன்னல் வழியே இழுத்த வயரில்
கட்டிப்போட்ட கன்றுக்குட்டியாய்.
உள்ளே அவன் குரல், யாரிடமோ நாயைப்பற்றி.
பிளக்கைப் பிடுங்கலாமா என்று தோன்றியது.
தூறல் ஆரம்பித்திருந்தது.
வயரை மட்டும் கூரைக்குள் தள்ளி வைத்துவிட்டு
வீட்டுக்குப் போனேன்.