மேல்தளத்தில் நிற்பவள்

நடவு வயலில் தொடங்கவில்லை என் பாட்டு.
காரைக்குடி பஸ் ஸ்டாண்டில்
வயிற்றுவலி லேகியம் விற்றவருக்குக்
கூட்டம் சேர்க்கப் பாடினேன், நாளுக்கு எட்டு ரூபாய்.
பிறகு செவ்வாய்த் திருவிழா மேடைகள்.
பிறகு மதுரையில் ஒரு கேசட்:
அட்டையில் ஒரு 'ல' விழுந்து
அடைக்கலமேரி நான் அடைக்கமேரி ஆனேன்.
அப்படியே மூவாயிரம் போனது.

கானாடுகாத்தானில்
ஓட்டலாகிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு
ஒத்திகைக்குப் போன அன்று
இரண்டாம் கட்டில், சாரத்தின் மேல் ஒருவர்
பழைய ரங்கூன் கப்பலுக்குப்
புதுச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்.
புகைபோக்கி முடிந்திருந்தது. கடல் பாதி.
மேல்தளத்துக் கம்பியோரம்
குனிந்தாற்போல், வெள்ளையாய், ஒருத்தி.
முகம் எழுதவில்லை.

ஆண்கள் மட்டும் போன கப்பலில்
இவள் எப்படி ஏறினாள்?
தேவகோட்டை பஸ்ஸில்
டிக்கெட்டின் பின்புறம் இரண்டு அடி,
மீதி வீட்டுக்கு வந்து.
பெட்டகச் சாவியைக் கிணற்றில் போடவைத்து
அவளை நான்தான் ஏற்றிவிட்டேன்.

பத்தொன்பது வருஷம்.
திருப்பத்தூர், சிங்கம்புணரி, ஒரு தடவை பினாங்கு.
எதைப் பாடினாலும்
"கப்பல்காரியைப் பாடு" என்று சீட்டு வரும்.
முடிந்ததும் பெண்கள் மேடைக்குப் பின்னால் வந்து
என் கையைப் பிடித்துக்கொண்டு
ஒன்றும் சொல்லாமல் நிற்பார்கள்.
மகளின் நர்சிங் ஃபீஸ் அந்தப் பாட்டுதான்.

போன மாசியில் கோட்டையூரில்
அந்த வரிசையில் ஓர் ஆண்.
"அந்தக் கப்பலைப் போட்டவன் நான். வயிரவன்.
நல்ல பாட்டு. ஆனா அது பொம்பளை இல்லம்மா.
அரிசி மூட்டை.
நிழல் போடுறதுக்குள்ள நீங்க போயிட்டீங்க."

சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.

"நிழல் போட்டுட்டீங்களா?"
"மறுநாளே. சணல் நூல்கூடத் தெரியும்.
இப்ப வர்றவங்க எல்லாம் அவளைத் தேடுறாங்க.
மானேஜர் முகம் போடுன்னு நிக்கிறார்.
மூட்டைக்கு எப்படிம்மா முகம் போடுறது?
ஒரு கை மட்டும் போட்டேன்,
கம்பியைப் பிடிச்ச மாதிரி."

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
சுற்றிப்பார்க்க நூறு ரூபாய்.
மூட்டை மூட்டையாகத்தான் இருந்தது.
அதன் பின்னாலிருந்து நீண்ட கை
எதையும் பிடிக்கவில்லை.
சுண்டுவிரல் மட்டும் தூக்கி
மற்றவை கம்பியில் படிந்து
பாதித் தாளத்தில் நின்றிருந்தது,
இடது கை.

நான் இடது கையால்தான் தாளம் போடுவேன்.
எந்த மேடையில் பார்த்தார் என்று கேட்க
அவர் நம்பர் வாங்கி வைக்கவில்லை.