முப்பத்திரண்டில் ஒரு பங்கு

தேவனாம்பட்டினத்தில் பகல் பதினொன்றரை.
தகரக் கூரை மாதிரி கண்ணைக் குத்துகிறது கடல்.
கலியவரதனின் புதுப்படகு
மூக்கில் எலுமிச்சை மாலையோடு
இறங்கக் காத்திருக்கிறது.
"சினிமா மாதிரி வரணும் தம்பி,
அலை வழுக்கிக்கிட்டுப் போவணும்."

வழுக்குவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.
நொடிக்கு இருபத்தைந்து படம்;
ஒவ்வொரு படத்துக்கும்
நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு
கண் திறந்திருக்க வேண்டும்.
இந்த வெயிலில் அவ்வளவு நேரம் திறந்தால்
படகும் இல்லை கடலும் இல்லை, வெள்ளைத் தாள்.
என் ட்ரோனின் கண்மணிக்குச் சுருங்கத் தெரியாது.
ஆகவே இமையை அவசரப்படுத்துகிறது:
ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கு.
துளியெல்லாம் ஆணியாக நிற்கும்.
அலை நகராது, உதறும்.

பெட்டியில் நான்கு கண்ணாடிகள்,
கட்டைவிரல் நகம் அளவுதான்:
எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநான்கு.
இன்றைக்கு முப்பத்திரண்டு.
வெளிச்சத்தில் ஒரு பங்கை உள்ளே விட்டு
மீதியை வாசலிலேயே நிறுத்திவிடும்.
எந்த நிறத்தையும் தொடாத இருட்டு.
படகின் நீலம் நீலம்தான், மஞ்சள் மஞ்சள்தான்.
பேட்டரியை உயிர்ப்பிக்குமுன்னே மாட்டிவிட வேண்டும்.
மாறிய கனம் புரியாவிட்டால்
கேமரா தலையாட்டிக்கொண்டே இருக்கும்.

படகு இறங்கியது.
அலை அதைத் தூக்கி, யோசித்து, கீழே வைத்தது.
திரையை எட்டிப் பார்த்த மங்கையர்க்கரசி
"இது நம்ம கடலா?" என்றாள்.
அவள் புருஷன் தேசிங்கு அப்போது
வடக்கே, தாழங்குடாப் பக்கம்,
கட்டுமரத்தில்.

ஐந்தே காலுக்கு வெறும் கட்டுமரம் ஒதுங்கியது.

"மேல வுடு" என்றார்கள். விட்டேன்,
பகலில் மாட்டிய கண்ணாடியோடு.
வெயில் தணிந்த நீருக்கு மேல் முப்பத்திரண்டு!
திரை முழுக்க மெத்தென்று ஒரு கறுப்பு.
நுரையா தலையா தெரியவில்லை.
கல்யாண மண்டபங்களில் நான் காசு வாங்கும் அந்த வழுக்கல்,
அந்த அழகு,
ஒரு ஆளை ஒளித்து வைத்திருந்தது.

இறக்கினேன். பேட்டரி நாற்பத்தொன்று.
அணைத்துப் போட நேரமில்லை.
நகத்தால் நெம்பினேன்; கண்ணாடி மணலில் விழுந்தது.
குனியவில்லை.

மறுபடி மேலே.
எண்ணூறில் ஒரு பங்கு.
கேமரா தலையாட்டியது, படம் உதறியது.
ஆனால் ஒவ்வொரு அலையும் தனித்தனி,
ஒவ்வொரு நுரையும் தனித்தனி.
முகத்துவாரத்துக்குச் சற்றுத் தெற்கே
ஒரு வெள்ளைக் கேன்.
கேனைக் கட்டிக்கொண்டு ஒரு கை.

கலியவரதனின் படகு
இரண்டாம் தடவை இறங்கியது.
எலுமிச்சைகள் ஏற்கெனவே உதிர்ந்திருந்தன.
யாரும் அதைப் படம் எடுக்கச் சொல்லவில்லை.

தேசிங்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான்,
மூன்றாம் நாள் பீடி கேட்டான்.

வீடியோவை வெட்டி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
பணத்தை எண்ணிக்கொண்டே கலியவரதன் கேட்டார்:
"சாயங்காலம் எடுத்தது எங்க?"
பதினொரு நொடிதான் இருக்கு, என்றேன்.
நல்லா வரலண்ணே. ரொம்ப உதறுது.

"உதறட்டும்" என்றார்.
"கடைசில சேர்த்துடு."