இடப்பக்கக் கொக்கி

டிசம்பர் வெயில் மண்டையைப் பிளக்கிறது.
பள்ளி மைதானத்தில், பஞ்சுத் தாடிக்குள்
கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு வியர்த்து ஊற்றுகிறது.
ஒமாரு ஊரே தொப்பி போட்டுக்கொண்டு
பரிசு வாங்க வந்திருக்கிறது.

ஆளுக்கு இருபது டாலர்.
ஒருவர் வாங்குவதை மற்றவர் பார்க்கக் கூடாது.
சட்டம் போட்டவன் ஃபெர்கஸ்,
முதலில் மீறியவனும் அவனே:
தேன் கடையில் நின்றுகொண்டு
"உனக்குத் தேன் பிடிக்கும்தானே?" என்று
மைதானத்துக்கே கேட்கக் கத்துகிறான்.

ஹுயாவுக்குப் பதினாலு வயது.
என்னிடமிருந்து மூன்று கடை தள்ளியே நடக்கிறாள்.
நான் நின்றால் நிற்கிறாள்.
கூட்டத்தில் நான் மறைந்தால் மட்டும்
குதிகால் தூக்கித் தேடுகிறாள்.
பார்த்ததாக நான் காட்டிக்கொள்வதில்லை.

ரெவிதான் சட்டையை இழுத்தான்.
"ஜாஸ், ஒரு உதவி."
ஒன்பது வயது ரகசியத்துக்குப்
பூண்டு ரொட்டி வாசம்.
"அம்மாவுக்கு என்ன வாங்கலாம்?"

அம்மா என்றால் மெரியானா.
ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப்
பைகளும் பிள்ளைகளும் கைமாறும்போது
கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன்,
பாதி முகம், ஒரு தோடு.
நான் என்ன கண்டேன்?
லாவெண்டர் சோப்பு?
"தும்முவாங்க."
கம்பளித் தொப்பி?
"தலையில எதுவும் வைக்க மாட்டாங்க."
சிப்பி பதித்த போட்டோ சட்டம்?
பதில் இல்லை. பாவம் என்பதுபோல் பார்த்தான்.

மரச்சாமான் கடை.
மேசைக்கடியில் ஒரு கிழநாய் தூங்குகிறது,
காதில் பென்சில் செருகிய பெண் உப்புத்தாள் தேய்க்கிறாள்.
ஓர் அகப்பை. ஊற்றுவதற்கு ஓரத்தில் மூக்கு.
எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன்,
மூக்கு வேறு பக்கம் போனது.
"தப்பு இல்லை, இடது கைக்கு" என்றாள் அவள்,
"ஒன்றே ஒன்றுதான் செய்தேன்,
ஏப்ரலிலிருந்து என்னோடு ஊர் சுற்றுகிறது."

"ரெவி, உன் அம்மாவுக்கு இடது கைப் பழக்கமா?"
"யார் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லையடா.
எட்டு மாதமாக அந்தச் சமையலறையில் நிற்கிறேன்.
டின் திறப்பான் எனக்கு எதிராகவே சுற்றுகிறது.
கரண்டிக் கொக்கிகள் அடுப்புக்கு இடப்பக்கம்.
இழுப்பறைக் கத்தரிக்கோல்
தாளை வெட்டாது, மென்று துப்பும்.
மழுங்கிவிட்டதென்று சாணைக்குக் கொடுத்தேன்.
"கத்தரி நன்றாகத்தான் இருக்கு,
கைதான் மாறிப்போச்சு" என்று சிரித்தான் சாணைக்காரன்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முப்பத்துநான்கு டாலர்.
அவனுடைய இருபது, என்னுடைய பதினாலு.
மீதி ஆறில் என் கணவனுக்கு
ஒரு புட்டி வெங்காய ஊறுகாய்.
சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும் என்பார்கள்.
என் சட்டியில் இது இருந்தது
எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.

திரும்பினால், நாயின் காதைச் சொறிந்தபடி ஹுயா.
எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.
ஒரு வார்த்தை இல்லை.
தம்பி கையிலிருந்து அகப்பையை வாங்கி
காற்றை இருமுறை கிண்டினாள்,
இல்லாத கோப்பையில் இல்லாத சூப்பை
ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள்.
இடது கையால்.

எட்டு மாதம்.
காலையில் தினமும் எனக்கு எதிரே உட்கார்ந்து
ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறவள்.
போனவளின் கையைக் கொக்கிகளில் படித்த நான்
இவள் கையைப் பார்க்கவே இல்லை.
என் பையில், வாங்க வேண்டியவை பட்டியலில்
மூன்றாவது: புதுக் கத்தரிக்கோல்.
காரில் ஏறும்போது அடித்துவிட்டேன்.

ராத்திரி பொட்டலம் கட்டினேன்.
தாளின் விளிம்பு கடற்கரைபோல் வளைந்து வளைந்து ஓடியது.
தண்ணீர் குடிக்க வந்தவள் நின்று பார்த்தாள்,
கத்தரியை என் விரல்களிலிருந்து கழற்றி
ஒரே இழுப்பு,
நேர்க்கோடு.

"சூப்பர்" என்றேன், அசட்டுத்தனமாக.
"தாள் பத்தாது" என்றாள், தம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்தவில்லைதான்.
அகப்பையின் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.