வெயில் நாட்டுக்குச் செல்வோர் கவனத்துக்கு

டானிங்டன் வளைவில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், பஸ் டிக்கெட்,
கேட்டால் விசாவும்.
மூன்றரை மணிக்கே விளக்குப் போடவைக்கும் ஜூலையில்
கொங்காணியை வாசலில் உதறிவிட்டு
உள்ளே வந்தார் ஆரியமாலா.
"சிலோனுக்குப் போகணும் தம்பி.
அக்காவோட கடைசி மகளுக்குக் கல்யாணம்.
என்னென்ன வேணும்னு எழுதிக் குடு."

எழுதினேன்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது உயிரோடிருக்க வேண்டும்.
உங்களுடையது புதுசு, பசை வாசனைகூடப் போகவில்லை.
எல்லாவற்றையும் அச்செடுத்து வையுங்கள்,
மழையில் போன் செத்துவிடும்.
லேமினேஷன் பக்கத்துக்கு இருபது ரூபாய்.

முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம்.
இறக்கத்தில் காது அடைத்தால் எச்சில் விழுங்குங்கள்,
விமானத்திலும் அதே வைத்தியம்தான்.
சிங்காநல்லூரில் திருச்சி பஸ்.
திருச்சியிலிருந்து பறப்பது ஒரு மணி நேரம்,
பொட்டலத்தைப் பிரித்து
இது வெஜ்ஜா என்று கேட்பதற்குள்
பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள்.

வெப்பமண்டலத் தீவு என்றது கம்ப்யூட்டர்.
மெல்லிய பருத்தி ஆடை. தொப்பி. கறுப்புக் கண்ணாடி.
வெயிலுக்கு ஒரு களிம்பு, கொசுவுக்கு ஒரு களிம்பு.
நீச்சலுடை.
அவர் முகத்தைப் பார்த்தேன்.
"எந்த ஊர்க்கா?"
"பொகவந்தலாவை."
உயரம் எவ்வளவு என்று தட்டிப் பார்த்தேன்.
நம்மைவிடக் கொஞ்சம் குள்ளம், அவ்வளவுதான்.
எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு
ஸ்வெட்டர், மப்ளர், அட்டைக்கு உப்பு,
வாசலில் சொட்டுகிற இதே கொங்காணி.

ப்ளக் சில இடங்களில் நுழையாது.
கட்டைக்கால் மூன்று வைத்த அடாப்டர்
என்னிடம் வாடகைக்கு உண்டு.
காசுக்கு அங்கேயும் ரூபாய் என்றுதான் பெயர், கனம் வேறு.
டீக்கடையில் நூறுகளாகக் கேட்டால் மிரள வேண்டாம்.
புத்தருக்கு முதுகு காட்டிப் போட்டோ எடுக்காதீர்கள்.
கோட்டை ஸ்டேஷனில் அட்டன் ரயில்,
கூட்டமாக இருந்தாலும் பெண்களுக்கு இடம் விடுவார்கள்
என்று போட்டிருக்கிறது, நம்பாதீர்கள்.
எவ்வளவு என்பதற்கு: கீயத.
நன்றிக்கு: ஸ்துதி.
பிரெட்டுக்கு, என்று தேடுகையில்
"பாண்" என்றார்.
"எங்க லைன்ல இப்பவும் அதான்."

தேயிலை கொண்டுபோகாதீர்கள், சிரிப்பார்கள்.
வர்க்கி வாங்குங்கள், இரண்டு கிலோ.
பெரிய பெட்டியில் போட்டால் பொடியாகிவிடும்,
மடியில் வையுங்கள்.

அப்புறம் படிவம்.
பிறந்த இடம் கேட்டது, கொடுத்தோம்.
இதற்கு முன் இந்நாட்டுக்கு வந்திருக்கிறீர்களா?
ஆம். இல்லை.
இரண்டுக்கும் நடுவில் நின்றது அம்புக்குறி.
"வந்ததில்ல," என்றார்.
"அங்கருந்து போனதுதான். ரெண்டு வயசு.
கப்பல்ல யார் தூக்கி வச்சிருந்தாங்களோ.
அக்கா கட்டிப்போன வீட்டுக்கு வேற காயிதம்,
அவ நின்னுட்டா."
இல்லை என்பதை அழுத்தினேன்.
அடுத்த பக்கம் திறந்தது.

"திரும்பி வர்ற டிக்கெட்டு கட்டாயமா?"
"கட்டாயம்க்கா. இல்லாட்டி ஏத்த மாட்டாங்க."
"அப்படியா," என்று
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.
"எங்களை மட்டும் எப்படி ஏத்துனாங்க?"

அதற்குத் தேடக்கூட முடியாமல் கரண்ட் போனது.
மெழுகுவத்தி தேடினேன்.
இருட்டில் மிளகாய் பஜ்ஜி வாசனை, பக்கத்துக் கடை.
ஒரு லாரி முனகிக்கொண்டு வளைவைத் திரும்பியது.
பத்து நிமிஷம் கழித்து பிரிண்டர் விழித்து
பாதியில் விட்ட தாளைத் துப்பியது:
பெயர் ஒரு வரி, மை இல்லாமல் ஒரு வரி,
வருகை தேதி, புறப்படும் தேதி.

மறுபடி எடுத்துக் கொடுத்தேன்.
அந்தக் காசை வாங்கவில்லை.
கொங்காணிக்குள் தாளை மடித்து வைத்துக்கொண்டு
வாசலில் நின்று கேட்டார்,
வர்க்கி எத்தனை நாள் தாங்கும்?

பத்து நாள், என்றேன்.
காத்துப் படாம இருந்தா.