திருத்தம்

கெலுகோர். பிற்பகல்.
கிசுமுவிலிருந்து வந்த காய்ச்சல் படிவங்களைக்
கணினியில் ஏற்றுகிறேன், சால்வை போர்த்திக்கொண்டு.
ஏரிக்கரை, வீட்டு எண் 214.
ஐந்து வயதுக்குட்பட்டோர்: 3.
அதன்மேல் ஒரு கோடு. பக்கத்தில் 2.
ஓரத்தில் ஒலுவோச்சின் பொடி எழுத்து:
மழை விட்டதும் மறுபடி போனேன்.

மென்பொருளில் ஓரம் கிடையாது.
இரண்டு என்றால் இரண்டு.

ஆறரைக்கு ஜெலுத்தோங்கில் என் வாசலில்
டெங்கிக்காரர். படிக்கட்டெல்லாம் புகை.
பூச்சாடித் தட்டைக் கவிழ்த்துவிட்டுக் கேட்கிறார்:
வீட்டில் எத்தனை பேர், காக்?
நாலு, என்கிறேன்.
பேனாவும் எழுதிவிடுகிறது.
உள்ளே அண்ணி குழாயை மூடும் சத்தம்.

இல்ல, மூணு.

அவர் அடித்து எழுதுகிறார்.
ஏன் என்று கேட்கவில்லை;
கேட்க அந்தத் தாளிலும் கட்டம் இல்லை.
அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி
புகைக்குள் அடுத்த மாடி ஏறுகிறார்.