லாக்கர் 212

உள்ளே போகுமுன் சங்கிலியைக் கழற்றவேண்டும்.
தங்கமோ வெள்ளியோ, தாலியோ தாயத்தோ,
பாயான் லெப்பாஸில் எங்கள் கம்பெனிக்கு
எல்லாம் தூசி.
நானும் கழற்றுகிறேன், பதினோரு வருஷமாய்,
இரவு ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால்.
புதுநன்மைக்குப் போட்ட சிலுவை
சாப்பாட்டு டப்பாவுக்கும் பஸ் பாஸுக்கும் நடுவே
சுருண்டு படுத்துக்கொள்ளும்.

பிறகு வெள்ளை உடுப்பு, தொப்பி, முகமூடி, இரட்டைக் கையுறை.
கண்கள் மட்டும் மிச்சம்.
தமிழச்சியா, மலாய்க்காரியா, நேப்பாளியா,
புருவத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.
தொப்பியின் பின்கழுத்துப் பொத்தான்
யாருக்கும் தன் கைக்கு எட்டாது.
முன்னால் நிற்பவளுக்கு நான் போடுவேன்.
எனக்குப் போடுவது தில்மாயா.

வேலை சின்னது.
லென்ஸுக்கு அடியில் சிப்புகளின் கால்களைப் பார்ப்பது.
ஒரு கால் வளைந்திருந்தாலும் சிவப்புத் தட்டு.
விடிகாலை நாலு மணிக்கு
எல்லாக் கால்களும் நேராகத்தான் தெரியும்.
எனக்கும் தெரிந்தன.
பதினேழாம் தட்டைப் பச்சைக்குத் தள்ளினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை
எங்கோ ஓர் ஊரிலிருந்து
புகார்த்தாளோடு திரும்பி வந்தது அது.
தாளில் பெயர் இல்லை, ஒரு சுழி மட்டும்.
அவசரத்தில் நான் போட்ட சுழி.
தில்மாயாவின் சுழியும் கிட்டத்தட்ட அப்படித்தான்.
சூப்பர்வைசர் ஹஸ்லினா அவளைக் கூப்பிட்டாள்.
பெர்மிட் புதுப்பிக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது அவளுக்கு.
கண்ணாடிச் சுவருக்கு அப்பால்
வெள்ளைத் தொப்பி இடமும் வலமும் அசைந்தது.
நான் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளியும் எண்ணினேன்.
சனி ஓய்வு. பசார் மாலாமில்
மகனுக்கு ஆப்பம் பாலிக் வாங்கினேன்.
ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும் நேரம்
இடப்பக்கம் ஒரு கை, வலப்பக்கம் ஒரு கை,
முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தையின் பிசுபிசுத்த கை.
எல்லோருக்கும் கொடுத்தேன்,
பணமில்லாத கணக்கில் காசோலை கிழிப்பதுபோல.

அப்போது எனக்குள் ஏதோ ஒளி வந்தது
என்று எழுத ஆசைதான்.
வரவில்லை. தூக்கமும் வரவில்லை.
திங்கள் மாலை ஹஸ்லினாவின் மேசைமுன் நின்று
"அந்தச் சுழி என்னுடையது" என்றேன்.
கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்
"சரி, இதில் கையெழுத்துப் போடு.
இந்தமுறை ஒழுங்காக" என்றாள்.
ஓர் எச்சரிக்கைக் கடிதம்.
நூற்றெண்பது ரிங்கிட் ஊக்கத்தொகை போயிற்று,
மகனின் டியூஷன் காசு.

தில்மாயாவிடம் நானே போய்ச் சொன்னேன், கேண்டீனில்.
நன்றியை எதிர்பார்த்தா போனேன்?
ஆமாம்.
சோற்றைப் பிசைந்தபடி
உடைந்த மலாயில் கேட்டாள்:
"வியாழக்கிழமையே ஏன் சொல்லவில்லை?"
பதில்கள் நிறைய இருந்தன என்னிடம்.
எல்லாமே என்னைப் பற்றியவை.
தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.

அதன்பின் என் பொத்தானை யார் யாரோ போட்டார்கள்.
யாரும் போடாத இரவுகளில்
சுவர் விளிம்பில் கழுத்தை அழுத்தி
நானே பூட்டிக்கொண்டேன்.
சுழியை விட்டுவிட்டு ஒவ்வொரு தாளிலும்
செலஸ்தீனா என்று முழுதாய் எழுதினேன்.
சந்தேகத் தட்டை இரண்டுமுறை பார்த்தேன்.
எண்ணிக்கை குறைந்தது, திட்டு கூடியது.
அவள் பார்த்தாளா, தெரியாது.
பார்க்கட்டும் என்று செய்த நாட்களும் உண்டு.

நேற்று மழை. பாலத்தில் நெரிசல்.
பஸ் பிந்தி வந்து
லாக்கர் அறையில் அவளும் நானும்தான்.
ஈர விரலில் கொக்கி வழுக்கி
சங்கிலி தரையில் விழுந்தது.
அவள் எடுத்தாள். சிலுவையைத் திருப்பிப் பார்த்தாள்.
"நீ சர்ச்சா?"
"ஆமாம்."
"தெரியாதே."
நாலு வருஷம், அடுத்தடுத்த லாக்கர்.

வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன்.
உடுப்பு, முகமூடி, கையுறை.
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
வழக்கம்போல் சுவரை நோக்கி நகர்ந்தேன்.
பின்கழுத்தில் இரண்டு விரல்கள்.
டிக்.
"நட, நேரமாச்சு" என்றாள்.