சத்தம் வராமல்

சத்தமில்லாமல் வெள்ளரிக்காயை நசுக்க
ஒரே ஒரு வழிதான் உண்டு என்பதை
இன்று பகல் பதினொன்றரைக்கு
அயனாவரத்தில் கண்டுபிடித்தேன்.

கத்தியால் நறுக்கக் கூடாதாம்.
நறுக்கினால் வழவழவென்று நிற்கும்,
ஊற்றுவதெல்லாம் வழுக்கிப் போகும்.
உடைக்க வேண்டும்.
உடைந்த இடத்தில்தான் காரம் போய் உட்காரும்.
செய்முறை சொல்கிறவர்கள் எல்லோரும்
டமால் டமால் என்று போடுகிறார்கள்.
அவர்கள் வீட்டில் யாரும்
நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்குவதில்லை போல.

ஜெபசீலி எட்டரைக்கு வந்தாள்.
கீழ்ப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோ.
செருப்பு ஒன்று இங்கே, ஒன்று அங்கே.
சாப்பிட்டியா என்றேன்.
கையை மட்டும் ஆட்டினாள்.
அந்த ஆட்டலுக்குப் பதினொரு வருஷமாக அர்த்தம் தெரியும்:
வார்டில் ஒரு கட்டில் காலி.

அக்கினி நட்சத்திரத்தில் அவளுக்குச் சோறு இறங்காது.
அதனால் இந்த வேலை.

எள் வாங்கப் போனால்
வெள்ளை தீர்ந்துபோச்சு, கறுப்புதான் என்றார்
பொன்பாண்டி அண்ணாச்சி.
பொட்டலம் மடிக்கையில் குரலைத் தாழ்த்தி,
"யாருக்குத் திவசம்? உங்க வீட்ல அதெல்லாம் கிடையாதே."
"வெள்ளரிக்காய்க்கு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஒரு ரூபாய் குறைத்துக்கொண்டார்.

காயை ஈரத்துண்டில் சுருட்டி
மொசைக் தரையில் கிடத்தி
சப்பாத்திப் பலகையை மேலே வைத்து
மண்டியிட்டேன்.
எண்பத்தொரு கிலோவையும்
மெல்ல மெல்ல இறக்கினேன்.
ஞாயிறு ஆராதனையில்கூட
இவ்வளவு கவனமாய் நான் மண்டியிட்டதில்லை.
துண்டுக்குள்ளே
பொசுக்.
மின்விசிறிச் சத்தத்தில் அதுவும் கரைந்தது.
மூன்று காய், மூன்று பொசுக்,
இடது முழங்காலில் ஒரு விதை.

உப்பைப் பிசறி வடிதட்டில் போட்டேன்.
கீழே எவர்சில்வர் கிண்ணம்.
ஃப்ரைட் ரைஸ் பார்சலோடு வந்து
ஃப்ரிட்ஜ் கதவிலேயே குடியிருந்த
சோயா சாஸ் பாக்கெட் ஐந்து. பல்லால் கிழித்தேன்.
குழாயில் உப்புக்கறை போக வாங்கிய வினிகர்.
சர்க்கரை ஒரு ஸ்பூன்.
பூண்டைத் தட்டாமல் துருவினேன்,
கூடவே நகத்தையும் கொஞ்சம்.
நீட்டு மிளகாயை வறுத்துக் கையால் நொறுக்கி
எள்ளையும் அதன்மேல் தூவி
நல்லெண்ணெயைப் புகை வரும்வரை காய்ச்சினேன்.

இந்த இடத்தில் நான் யோசித்திருக்க வேண்டும்.

சொர்ர்ர்.
நெடி ஹாலைத் தாண்டி
கதவிடுக்கில் நுழைந்தது.
சட்டைக்குள் மூக்கைப் புதைத்து நின்றேன்.
உள்ளே ஒரு தும்மல்.
இன்னொன்று.
மூன்றாவதோடு கட்டில் கிறீச்சிட்டது.

நைட்டியோடு வந்து நின்றாள்.
என்னைப் பார்க்கவில்லை.
வடிதட்டின் அடியிலிருந்து
கிண்ணத்தில் விழும் சொட்டையே பார்த்தாள்.
உதடு அசைந்தது.
எண்ணுகிறாள்.
"நிமிஷத்துக்கு இருபது" என்றாள்,
"ஸ்லோவாப் போகுது."
தட்டை லேசாகத் தட்டிச் சரிசெய்தாள்,
கை பழகிய இடத்துக்குத் தானே போனதுபோல.

எல்லாவற்றையும் கலந்து நீட்டினேன்.
ஃப்ரிட்ஜில் சாய்ந்து, நின்றபடி, கையாலேயே தின்றாள்.
பாதிக்கிண்ணத்தில் நிறுத்தினாள்.
"பதினாறாம் கட்டில்காரர்
நாலு நாளா இதத்தான் கேட்டுட்டிருந்தார்.
பீச்ல விப்பாங்களே,
கீறி மிளகாய்த்தூள் தடவி,
அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு.
கிட்னி போன ஆளு.
ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான் கணக்கு.
முடியாதுன்னுட்டேன்."

எனக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.
"காரம் ஓகேவா?" என்றேன். அசடு.
"இன்னும் காய் இருக்கா?"
ஒன்று இருந்தது, கொஞ்சம் வளைந்தது.
துண்டை விரித்தேன்.
"அதெல்லாம் வேணாம்."

குழவியை அவளே எடுத்தாள்.
முதல் அடியில் விதை சுவரில் ஒட்டியது.
இரண்டாவதற்கு டம்ளர் உருண்டது.
மூன்றாவதற்குக் கீழ்வீட்டு துவாரகநாத்
துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்.
நான்காவதை
அவருக்காகவே போட்டாள்.

உப்பு போட்டுக் காத்திருக்கவில்லை.
கைநிறைய அள்ளி
முழங்கை வரை வழிய வழிய
தண்ணீரோடே தின்றாள்.